வியன்னாவில் ரயிலேறிய சிறுமி: ஸ்டெஃபனி ஷர்லி கொடுத்ததும் திருப்பிக் கொடுத்ததும்

ஆற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெண்கள் பள்ளியொன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஸ்டெஃபனி ஷர்லி 2025 ஆகஸ்ட் 9 அன்று தமது 91ஆம் வயதில் காலமானார் என்ற செய்தியைப் படித்தது முதல் அவரைப் பற்றி இங்கே ஓர் இழை தொடங்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். இங்கிலாந்துக்கு அகதியாக வந்து, மென்பொருள் நிறுவனம் நடத்திப் பெரும் பொருள் ஈட்டி, அதில் பெரும்பகுதியைக் கொடுத்துத் தீர்த்தவர் என்று ஒரே வரியில் அவரைச் சொல்லிவிடலாம். அந்த வரியில் அடங்காதவற்றை இங்கே பேச விரும்புகிறேன்.

1933இல், ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த அதே ஆண்டில், ஜெர்மனியின் டார்ட்முண்ட் நகரில் வேரா புக்தால் என்ற பெயரோடு அவர் பிறந்தார். தந்தை யூதர், நீதிபதி. பதவி பறிபோனதால் குடும்பம் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தது. 1938இல் ஆஸ்திரியாவும் நாஜிகள் வசம் போனபின் அங்கும் இருக்க வழியில்லாமல் போயிற்று. போர் மூள இரண்டு மாதங்கூட இல்லாத 1939 ஜூலையில், ஐந்து வயது வேராவையும் ஒன்பது வயது அக்காவையும் பெற்றோர் ரயிலேற்றி அனுப்பினார்கள். கிண்டர்டிரான்ஸ்போர்ட் என்று அழைக்கப்பட்ட அந்த ஏற்பாட்டின் கீழ், போருக்கு முந்தைய ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பெற்றோரின்றிப் பிரிட்டன் வந்து சேர்ந்தார்கள். கழுத்தில் எண் எழுதிய அட்டை தொங்க, மொழி தெரியாத ஊரில் இறங்கிய அந்த இரு சிறுமிகளையும் சட்டன் கோல்ட்ஃபீல்டு என்ற ஊரைச் சேர்ந்த ஸ்மித் தம்பதியர் வளர்த்தார்கள். பெற்றோர் உயிர் பிழைத்துப் பின்னாளில் பிள்ளைகளைச் சந்திக்கவும் செய்தார்கள். ஆனாலும் அவர்களோடு மீண்டும் ஒட்டவே முடியவில்லை என்பதை ஷர்லி மறைத்ததில்லை.

கணித ஆசிரியனாகிய என்னை நிறுத்தி வைத்த இடம் ஒன்று உண்டு. வேல்ஸ் எல்லையருகே ஆஸ்வெஸ்ட்ரி என்ற ஊரில் அவர் படித்த பெண்கள் பள்ளியில் அவருக்குப் போதுமான கணிதம் கற்பிக்கப்படவில்லை. பெண்களுக்கு அது தேவையில்லை என்பது அந்தக் காலத்து முடிவு. அவருடைய திறமையைச் சோதித்துப் பார்த்த பின்பு, பக்கத்திலிருந்த ஆண்கள் பள்ளிக்குச் சென்று கணித வகுப்பில் மட்டும் உட்கார்ந்துவர அனுமதி கொடுத்தார்கள். இதைப் படித்தபோது 1990களில் என்னிடம் வந்து நின்ற ஒரு மாணவியின் நினைவு வந்தது. பதினோராம் வகுப்பில் கணிதம் படிக்க வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். எங்கள் பள்ளியில் அந்தப் பிரிவு இல்லை. "வணிகவியல் எடுத்துக்கொள், அதிலும் கணக்கு வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு தெரு தள்ளி ஆண்கள் பள்ளி இருந்தது. அங்கே போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் எனக்குத் தோன்றவே இல்லை.

பதினெட்டு வயதில் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்று, பெயரை மாற்றிக்கொண்டு, லண்டனின் டாலிஸ் ஹில்லில் இருந்த அஞ்சல் துறை ஆராய்ச்சி நிலையத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் வேலை பார்த்துக்கொண்டே ஆறு ஆண்டுகள் மாலை வகுப்புகளுக்குப் போய்க் கணிதத்தில் பட்டம் பெற்றார். 1962இல், 6 பவுண்டு முதலீட்டில், தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் 'ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் அவர் கொடுத்த நன்கொடைகள் ஏறத்தாழ 6 கோடியே 70 லட்சம் பவுண்டு.

அவரைக் கொடையாளி என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. தம் உயிர் காப்பாற்றப்பட்டதற்கு ஈடாக வாழ்ந்துகாட்ட வேண்டும் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். நம் பக்கத்தில் செஞ்சோற்றுக் கடன் என்பார்களே, அதைத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் அடைத்துக்கொண்டிருந்தார் என்பது என் எண்ணம். உறுப்பினர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

துளை அட்டை எழுதியது:

ஐயா, நல்ல தொடக்கம். கடனா கொடையா என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். அவர் செய்த தொழில் எப்படிப்பட்டது என்பதை இன்றைய இளையவர்களுக்குச் சொல்லாமல் மேலே போக முடியாது என்பதால், 1970களின் நடுவில் நிரலராகச் சேர்ந்தவன் என்ற முறையில் அதை முதலில் எழுதுகிறேன்.

டாலிஸ் ஹில் சாதாரண இடமன்று. போர்க்காலத்தில் பொறியாளர் டாமி ஃப்ளவர்ஸ் தலைமையில், ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைக்க உதவிய கொலாசஸ் கணினி உருவானது அங்கேதான். அத்தகைய கூடத்தில்தான், கணினியைக் கையாலேயே கட்டி, கணினி நேரடியாகப் புரிந்துகொள்ளும் இயந்திர மொழியில் நிரல் எழுதும் வேலையை ஷர்லி கற்றுக்கொண்டார். 1962இல் மென்பொருள் என்பது தனியாக விலைக்கு விற்கும் பொருளே அன்று. கணினி வாங்கினால் அதோடு இலவசமாக வருவது. அதை மட்டும் விற்பதற்கு ஒரு நிறுவனம், அதுவும் ஒரு பெண் நடத்தும் நிறுவனம் என்றால், பலரும் பொருட்படுத்தவே மறுத்ததில் வியப்பில்லை.

ஷர்லியின் நிறுவனத்துப் பெண்கள் வீட்டிலிருந்தே நிரல் எழுதினார்கள் என்று படிக்கும்போது, இன்றைய பிள்ளைகள் மடிக்கணினியோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்வார்கள். அந்த வீடுகளில் கணினியே கிடையாது. பென்சிலும் தாளும் மட்டுமே. செய்ய வேண்டிய வேலையை முதலில் ஃப்ளோசார்ட்டாக, அதாவது படிப்படியான வரைபடமாக வரைந்து, ஒவ்வொரு படியையும் வரையறுத்து, பிறகு நிரலாக எழுதி, அஞ்சலில் அனுப்புவார்கள். அதைக் கணினி படிக்கும்படி, தரவு மையத்தில் ஒருவர் தாள்நாடாவிலோ அட்டையிலோ துளைகளாகப் பதிவார். பிழை நேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக அதே நிரல் இரண்டாம் முறையும் துளையிடப்படும். அதன் பிறகே அது கணினிக்கு அருகில் போகும்.

நான் சேர்ந்த காலத்திலும் இந்த முறை பெரிதாக மாறியிருக்கவில்லை. ஒரு வரிக்கு 80 கட்டங்கள் கொண்ட கோடிங் தாளில், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுத வேண்டும். சுழியத்தின் குறுக்கே ஒரு கோடு இழுக்காவிட்டால், துளையிடுபவர் அதை ஆங்கில 'ஓ' எழுத்தாக எடுத்துக்கொள்வார். அந்த ஒரு கோட்டுக்காக ஒரு நாள் போய்விடும். இன்றும் பால் கணக்கு எழுதும்போதுகூட என் கை சுழியத்துக்குக் குறுக்கே கோடு போடுகிறது. ஆகவே, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, சமையலறை மேசையில், ஓடவைத்துச் சரிபார்க்க இயந்திரமில்லாமல், தலைக்குள்ளேயே ஓட்டிப் பார்த்து நிரல் எழுதிய அந்தப் பெண்கள் எவ்வளவு கவனமாக இருந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

1966இல் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. ஆன் மோஃபட் என்ற நிரலர் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் அவருடைய குழந்தை. அவர் எழுதிக்கொண்டிருப்பது கான்கார்டு விமானத்தின் கருப்புப் பெட்டிக்கான நிரல். ஒலியை மிஞ்சிப் பறந்த விமானத்தின் நிரல் பிறந்த இடம் ஒரு வீட்டு மேசை.

எதிர்க்கேள்வி எழுதியது:

இருவரும் மதிப்போடு எழுதியிருக்கிறீர்கள். அந்த மதிப்பில் எனக்கும் பங்கு உண்டு என்றாலும், இரண்டு செய்திகள் என்னை உறுத்துகின்றன.

முதலாவது, அவர் கடிதங்களில் 'ஸ்டீவ்' என்று ஆண் பெயரில் கையெழுத்திட்டது. ஸ்டெஃபனி என்று எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராததால், கணவர் டெரெக் சொன்ன யோசனைப்படி ஸ்டீவ் என்று எழுதத் தொடங்கினார். அதன்பின் பதில்கள் வந்தன. வந்திருப்பவர் பெண் என்பது நேரில் பார்க்கும்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியும். தொலைபேசியில் பேசும்போது பின்னணியில் தட்டச்சு ஓசையைப் பதிவுசெய்த நாடாவை ஓடவிட்டு, வீட்டில் குழந்தை அழும் சத்தத்தை மறைத்தார் என்றும் படித்தேன். தொழிலை இப்படித் தொடங்கியதை நாம் சிரித்துக்கொண்டே கடந்துபோகலாமா?

இரண்டாவது, முதல் 300 பணியாளர்களில் ஆண் நிரலர்கள் மூன்றே பேர். ஒரு நிறுவனம் இதையே எதிர்ப்பக்கம் செய்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் 1975இல் வந்த பிறகே அந்த வழக்கத்தை அவர் கைவிட்டார். பெண்களின் உரிமைக்காக வந்த சட்டம் அவருடைய பெண்கள் நிறுவனத்தையே சட்டத்துக்குப் புறம்பாக்கியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நொய்யல் எழுதியது:

எதிர்க்கேள்வி அவர்களுக்கு, கோபமில்லாமல் பதில் சொல்ல முயல்கிறேன். எனக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. ஷர்லி தொடங்கிய நிறுவனம் பெயர் மாறி மாறிக் கடைசியில் 2001இல் 'ஸான்சா' ஆயிற்று. அதற்கு நொய்டாவிலும் புனேயிலும் சென்னையிலும் அலுவலகங்கள் இருந்தன. 2007இல் அதை ஸ்டெரியா என்ற பிரெஞ்சு நிறுவனம் வாங்கியது. அந்தச் சென்னை அலுவலகத்தில் சில ஆண்டுகள் நான் வேலை பார்த்தேன். அடையாள அட்டையைத் தினமும் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேனே தவிர, அதன் வேர் ஓர் அகதிப் பெண்ணின் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது என்பது வேலையை விட்டு வெகுநாள் கழித்தே எனக்குத் தெரியவந்தது.

அன்றைய இங்கிலாந்தில், கணவன் சம்மதம் இல்லாமல் வங்கிக் கணக்குத் தொடங்க ஒரு பெண்ணால் முடியாது. பங்குச் சந்தையில் வேலை பார்க்க முடியாது. பேருந்து ஓட்ட முடியாது. கதவைத் தட்டும்போது பெயரைக் கேட்டதும் தாழ்ப்பாள் போடுகிறார்கள் என்றால், தட்டுபவர் வேறு பெயர் சொல்லியதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்டீவ் என்ற பெயர் கதவைத் திறக்க மட்டுமே உதவியது. உள்ளே போய் உட்கார்ந்தவர் ஸ்டெஃபனி. வேலையைக் காட்டி ஒப்பந்தம் பெற்றவரும் ஸ்டெஃபனிதான். அதோடு, எவ்வளவு நேரம் ஆனாலும் இவ்வளவுதான் கூலி என்று முன்கூட்டியே விலை பேசி வேலையை எடுத்தார். ஏமாற்ற நினைப்பவர் நட்டம் தம் தலையில் விழும்படி ஒப்பந்தம் போடுவாரா?

பெண்களை மட்டும் எடுத்ததைப் பற்றி: அவர் தேடியது எல்லாப் பெண்களையும் அன்று. நிரல் எழுதப் பயிற்சி பெற்று, திருமணத்தாலோ முதல் குழந்தையாலோ வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டவர்களைத் தேடினார். மற்ற நிறுவனங்கள் செலவழித்துப் பயிற்றுவித்துவிட்டுத் தொலைந்த கணக்கில் எழுதிவிட்ட திறமை அது. என் மகன் பிறந்தபின் மூன்று ஆண்டு இடைவெளி விட்டு நான் மீண்டும் வேலை தேடியபோது, ஒரு நேர்காணலில் என் விண்ணப்பத்தில் அந்த மூன்று ஆண்டு இருந்த இடத்தில் விரலை வைத்தபடியே ஒருவர் கேள்வி முழுவதையும் கேட்டார். அந்த விரலை என்னால் மறக்க முடியாது. அந்த விரல் விழும் இடத்திலேயே ஷர்லி ஆள் எடுத்தார்.

1975க்குப் பிறகு ஆண்களையும் சேர்த்துக்கொண்டார். சட்டம் சொன்னது, கேட்டார். அதில் குறை காண என்ன இருக்கிறது?

எதிர்க்கேள்வி எழுதியது:

நொய்யல் அம்மா, விலை பேசிய முறையைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். பெயர் பற்றிய என் உறுத்தலை விட்டுவிடுகிறேன். பணியாளர் தேர்வைப் பற்றிய கேள்வி முழுவதும் தீரவில்லை. ஆனாலும் அந்த விரலைப் பற்றிப் படித்தபின் அதை வேறு விதமாக எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது ஐயா தொடங்கிய கேள்விக்கே வருகிறேன். கடனை அடைத்தார் என்றால், யாருக்குக் கொடுத்து அடைத்தார்? ஸ்மித் தம்பதியருக்கா, அந்த நாட்டுக்கா?

ஆற்றங்கரை எழுதியது:

நீங்கள் இதைக் கேட்க வேண்டும் என்றே காத்திருந்தேன்.

அறக்கட்டளைகளுக்குப் போன பணத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே அவர் கொடுத்த ஒன்றைப் பற்றிக் குறைவாகவே எழுதுகிறார்கள். நிறுவனத்தின் பங்குகளைப் பணியாளர்கள் கைக்கு மாற்றும் வேலையில் ஆண்டுக்கணக்காக இறங்கியிருந்தார். நிறுவனத்தின் கால் பங்கு, அவரைத் தவிர வேறு யாருக்கும் செலவில்லாமல், பணியாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 1996இல் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தது. அந்தப் பங்குகளால் பணியாளர்களில் 70 பேர் மில்லியன் பவுண்டுக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். வளர்ந்த நாளில் 8,500 பேர் வேலை பார்த்த நிறுவனம் அது.

இது தானம் அன்று, வணிக உத்தி என்று சொல்பவர்கள் உண்டு. பங்கு வைத்திருக்கும் பணியாளர் நன்றாக உழைப்பார் என்பது உண்மையே. ஆனால் உத்திக்கு ஓர் அளவு உண்டு. நூற்றில் ஐந்தோ பத்தோ கொடுத்தாலே உத்தி நிறைவேறிவிடும். தமக்குரியதில் அத்தனையை விட்டுக்கொடுக்க வேறொரு காரணம் வேண்டும். சாப்பாட்டு மேசையில் தொடங்கியபோது யாரென்றே தெரியாத பெண்கள் தம்மை நம்பி, பென்சிலும் தாளுமாக வேலை செய்து அனுப்பினார்கள். அவர்கள் இல்லையென்றால் நிறுவனம் இல்லை என்பதை அவர் சொல்லளவில் நிறுத்திக்கொள்ளாமல் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தார். அறக்கட்டளைக்குக் கொடுக்கும்போது கொடுப்பவர் மேலேயும் பெறுபவர் கீழேயும் நிற்கிறார்கள். பங்கைக் கொடுக்கும்போது பெறுபவர் பக்கத்தில் வந்து சமமாக உட்கார்ந்துவிடுகிறார். அடுத்த கூட்டத்தில் உங்களையே கேள்வி கேட்கவும் செய்வார். அதனால் அவருடைய கொடைகளில் எது பெரியது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

யாருக்குக் கொடுத்து அடைத்தார் என்றீர்கள். 1939இல் அவருக்காகப் பொறுப்பேற்றவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்காது. பெயர் தெரியாதவர்களிடம் பட்ட கடனைப் பெயர் தெரியாதவர்களுக்குத்தான் திருப்பிக் கொடுக்க முடியும்.

வெண்பனி எழுதியது:

இந்த இழையை நான்கு நாட்களாக எழுதாமல் படித்துக்கொண்டிருந்தேன். ஐயாவின் கடைசிப் பதிவோடு எனக்கு ஒரு வேறுபாடு இருப்பதால் எழுதுகிறேன். நான் இங்கிலாந்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்பவள். ஆட்டிசம் உள்ள, இன்று இருபத்தாறு வயதாகும் ஒரு மகனின் தாய்.

நீங்கள் யாரும் இதுவரை ஜைல்ஸின் பெயரைச் சொல்லவில்லை. நிறுவனம் தொடங்கிய மறு ஆண்டு, 1963இல், ஷர்லிக்குப் பிறந்த ஒரே பிள்ளை. அழகும் அமைதியுமாக வளர்ந்த அந்தக் குழந்தை இரண்டரை வயதில், பேசிக்கொண்டிருந்த சில சொற்களையும் இழந்து, யாராலும் அடக்க முடியாத பிள்ளையாக மாறினான். பிறகு அவன் பேசவே இல்லை. கடுமையான ஆட்டிசம், வளர வளர வலிப்பும் சேர்ந்துகொண்டது. தாயின் பாசக் குறைவால்தான் குழந்தைக்கு இப்படி ஆகிறது என்று மருத்துவர்களே நம்பி எழுதிக்கொண்டிருந்த காலம் அது. வேலைக்குப் போகும் தாய்க்கு அந்தப் பழி எப்படி இறங்கியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பழி இன்று மருத்துவ நூல்களில் இல்லை. ஆனால் உறவுகளில் இருக்கிறது. "நீ தொலைக்காட்சியைக் காட்டிப் பழக்கினாயா?" என்று என் மகனுக்கு மூன்று வயதாக இருந்தபோது என்னைக் கேட்டவர்களை இன்றும் திருமணங்களில் பார்க்கிறேன்.

ஜைல்ஸை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாத நிலை வந்தபோது, பதின்ம வயதில் அவனை மருத்துவமனையில் விட வேண்டியதாயிற்று. பல ஆண்டுகள் அவன் அங்கே இருந்தான். ஷர்லியும் மனமுடைந்து சிகிச்சை பெற்ற காலம் உண்டு. வெளியில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு வீட்டிலிருந்தே வேலை என்ற ஏற்பாட்டை உருவாக்கியவர், தம் மகனுக்கு வீடு என்ற ஒன்றை உருவாக்க முடியாமல் தவித்தார். தமது 60ஆம் வயதில், 1993இல், நிறுவனப் பொறுப்பிலிருந்து அவர் விலகினார். மறு ஆண்டே கிங்வுட் என்ற அமைப்பு எழுந்தது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் மருத்துவமனை வார்டில் இல்லாமல், சாதாரணத் தெருவில், சாதாரண வீட்டில், துணையாளர் உதவியோடு வாழ்வதற்கான அமைப்பு. அவர் தொடங்கிய முதல் அமைப்பின் முதல் வீட்டில் முதலில் குடியேறியவன் ஜைல்ஸ்.

1998இல், 35 வயதில், தூக்கத்தில் வந்த வலிப்பில் அவன் இறந்துபோனான். அடுத்த ஆண்டு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான ப்ரையர்ஸ் கோர்ட் பள்ளி பெர்க்ஷயரில் திறக்கப்பட்டது. அந்தப் பள்ளியால் ஜைல்ஸுக்கு எந்தப் பயனும் இருந்திருக்க முடியாது என்பதை எண்ணிப் பாருங்கள். அவனுக்கு எப்போதோ பள்ளி வயது கடந்திருந்தது. திறக்கும்போது அவனே இல்லை. 2004இல் ஆய்வுக்கென்று ஆட்டிஸ்டிகா என்ற அமைப்பையும் தொடங்கினார்.

ஐயா, பங்குகளைக் கொடுத்ததே பெரியது என்றீர்கள். அது நியாயமான கொடை. இது அதிலிருந்து வேறானது. தமக்குக் கிடைக்காத ஒன்றை, கிடைக்காது என்று உறுதியாகத் தெரிந்தபின், மற்றவர்களுக்காகக் கட்டியது. 1939 ரயிலின் கடன் மட்டும் என்று இதைக் கணக்கெழுத என்னால் முடியவில்லை.

துளை அட்டை எழுதியது:

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். எங்களில் யாரும் ஜைல்ஸின் பெயரை எழுதவில்லை என்பது உண்மை, தொழிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம்.

ஒரு சிறு தகவலைச் சேர்க்கிறேன். 2001இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இணையத்துக்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்க அவருடைய அறக்கட்டளை 1 கோடி பவுண்டு கொடுத்தது. இணையத்தை வேகமாக்குவது அங்கே ஆய்வுப் பொருளன்று. அது மனிதர்களையும் சமூகத்தையும் என்ன செய்கிறது என்பதே ஆய்வு. முகநூல் பிறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்விக்குப் பணம் ஒதுக்க ஒருவருக்குத் தோன்றியது.

எதிர்க்கேள்வி எழுதியது:

வெண்பனி அம்மா, உங்கள் பதிவுக்கு மறுப்பாக எழுதவில்லை; மறுக்க அதில் எதுவும் இல்லை. ஆனாலும் கேட்டே ஆக வேண்டிய ஒன்று மிஞ்சுகிறது. பேசாத ஒரு பிள்ளைக்கு வீடும் பள்ளியும் அமைப்பது அரசின் கடமை அல்லவா? ஒரு பணக்காரத் தாய்க்கு அப்படியொரு பிள்ளை பிறந்ததால் ஓர் அமைப்பு எழுந்தது என்றால், அவருக்குப் பிறக்காத நோய்க்காரப் பிள்ளைகளின் கதி என்ன? செல்வந்தரின் சொந்தத் துயரம் போகும் திசையிலேயே அறம் போகும் என்றால், அது சரியான ஏற்பாடா? அவர் 2009இல் பிரிட்டன் அரசின் கொடைத் தூதராகவும் இருந்தார் என்பதால், அரசு தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இத்தகையவர்கள் வழி செய்துவிடுகிறார்களோ என்ற ஐயமும் எனக்கு இருக்கிறது.

நொய்யல் எழுதியது:

இந்தக் கேள்வி நியாயமானது. இதற்கு வெண்பனி அக்காவே பதில் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். ஒன்று மட்டும்: பலருடைய அறக்கட்டளைகள் அவர்கள் பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து நிற்பதற்காகவே மூலதனத்தை அப்படியே வைத்துக்கொண்டு வட்டியை மட்டும் செலவழிக்கின்றன. ஷர்லி அறக்கட்டளை மூலதனத்தையே செலவழித்துத் தீர்த்தது. மிச்சமிருந்ததை ஆட்டிஸ்டிகாவிடம் ஒப்படைத்துவிட்டு 2018இல் மூடப்பட்டது. தம் பெயரில் ஓர் அதிகார மையத்தை அவர் விட்டுப்போகவில்லை.

வெண்பனி எழுதியது:

எதிர்க்கேள்வி அவர்களே, அரசின் கடமையே என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் மகனுக்கான உதவித்தொகைக்காக நான் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் என் முழங்கால் உயரம் வரும். ஆனால் அரசு எதைச் செய்ய வேண்டும் என்று கேட்பதற்கு, அதைச் செய்ய முடியும் என்று யாராவது முதலில் செய்து காட்டியிருக்க வேண்டும். ஜைல்ஸ் போன்றவர்களுக்கு மருத்துவமனையைத் தவிர வேறிடம் இல்லை என்று அன்று எல்லோரும் உண்மையாகவே நம்பினார்கள். கொடுமைக்காரர்கள் என்பதால் அன்று, வேறொன்றைக் கண்ணால் பார்த்ததில்லை என்பதால். பேசாத, வலிப்பு வரும், கோபத்தில் பொருள்களை உடைக்கும் ஒருவர் ஒரு தெருவில் குடியிருக்க முடியும் என்று காட்ட ஒரு வீடு தேவைப்பட்டது. காட்டியபின், அதைக் கைகாட்டி அரசிடம் என்னைப் போன்றவர்கள் வாதாட முடிகிறது. படிவங்களில் "வேறு எங்கே இப்படி நடக்கிறது?" என்ற கேள்விக்கு எழுத ஒரு பதில் கிடைக்கிறது.

துயரம் போகும் திசையில் அறம் போகிறது என்பதும் உண்மை. வேறெந்தத் திசையில் போனால் இவ்வளவு நுணுக்கமாகப் போயிருக்கும் என்பது எனக்குத் தெரியவில்லை. வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும், குழாய்ச் சத்தம் காதைக் கிழிக்கும், தரைவிரிப்பின் நிறம் மாறினால் அன்று முழுவதும் சாப்பிடமாட்டான் என்பதெல்லாம் திட்ட அறிக்கை எழுதுபவருக்குத் தோன்றாது. இரவில் விழித்திருந்த தாய்க்குத் தெரியும்.

நீங்கள் கேட்டதற்கு இன்னும் சுருக்கமான பதிலும் உண்டு. என் மகன் சென்ற ஆண்டு, வேறோர் ஊரில், வேறோர் அமைப்பின் துணையோடு, ஒரு வீட்டுக்குக் குடிபோனான். அவனுக்கும் பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் போவேன். முதல் சில வாரங்கள் கதவைத் துணையாளரே திறந்தார். இப்போது என் கார் நிற்கும் சத்தம் கேட்டதும் அவனே வந்து, கழுத்தில் நீல நாடாவில் கோத்து மாட்டியிருக்கும் சாவியை எடுத்து, இரண்டு முறை தவறாகத் திருப்பி, மூன்றாவது முறை திறக்கிறான். அது அவன் வீடு, நான் விருந்தாளி. செருப்பை எங்கே விட வேண்டும் என்று எனக்குக் கையால் காட்டுகிறான்.